அம்பாசடர் கார்புரேட்டரைத் தூக்கிப் போடும் முன் ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள்

கேள்வி இது: அப்பா ஓட்டிய 1977 மாடல் அம்பாசடர் மார்க் 3, ஆறு வருடம் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறது, ஐட்லிங் நிற்பதில்லை, ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று மிதித்தால் இருமிவிட்டு அணைந்துபோகிறது. கழற்றிப் பார்த்தால் அடியில் நட்டு பிடிக்கும் காது ஒன்றில் கீறல் வேறு. "இது முடிஞ்சுது, புதுசு வாங்கிப் போடுங்க. இல்லாட்டி மாருதி 800 கார்புரேட்டரை மாட்டிடலாம்" என்கிறார் மெக்கானிக். சரிசெய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. கீறல் காதோடு நின்றிருந்தால் அந்தப் பாடியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் காரணம் மூன்று வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றுமே தனித்தனியாகச் சரியாகக்கூடியவை. மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு கார்புரேட்டரைப் பிரித்து, தேய்ந்த ஓட்டைக்குள் புஷ் என்கிற உலோக வளையம் போட்டு, செட் செய்ய இரண்டு நாள் ஆகும். அதற்குரிய கூலியைக் கேட்டால் கஸ்டமர் முகம் சுளிப்பார். புதுசு வாங்கிப் போடு என்று சொல்வது அவருக்கு லாபமோ நஷ்டமோ, நேரம் மிச்சம்.

மாருதி 800 யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். அது 796 சிசி இன்ஜினுக்காகச் செய்தது. உங்கள் இன்ஜின் 1489 சிசி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடுவில் ஒரு அடாப்டர் தகடு வைத்து மாட்டலாம், ஊருக்குள் ஓடவும் ஓடும். ஹைவேயில் ஏறி மிதித்தால் மூச்சு முட்டும். அப்பா வண்டி என்கிறீர்கள்; அதைப் பழையபடி வைத்துக்கொள்ள விரும்பினால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கடையில் "புதுசு" என்று கிடைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வாங்கிய ஒன்றில், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டைத் தாங்கும் கம்பி, அதாவது ஷாஃப்ட், பெட்டியைப் பிரித்த அன்றே ஆடியது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் பொறித்த எண்ணுக்கும் உள்ளே இருந்த துளைக்கும் சம்பந்தமில்லை. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சோலெக்ஸ், ஒற்றைத் தொண்டை (காற்று போகும் குழல் ஒன்றுதான்), 32 என்று தொடங்கும் மாடல். 32 என்பது த்ராட்டில் இருக்கும் இடத்தில் தொண்டையின் விட்டம், மில்லிமீட்டரில். இந்தியாவில் இவற்றை சோலெக்ஸ் உரிமத்தில் செய்தது மெட்ராஸைச் சேர்ந்த கார்புரேட்டர்ஸ் லிமிடெட். அந்தக் காலத்து வார்ப்பில் உள்வழித் துளைகள் வைத்த இடத்தில் இருக்கும். அதனால்தான் பாடியை விடாதீர்கள் என்கிறேன்.

பிரிப்பதற்கு முன் காசில்லாத ஒரு சோதனை. இந்த மாடலில் சோக் என்பது மேலே மூடித் திறக்கும் தகடு கிடையாது. பக்கவாட்டில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது; டாஷ்போர்டில் குமிழை இழுத்தால் அது சுழன்று, தனி வழியில் கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடும். கேபிள் இறுகிப்போயிருந்தாலோ, நீளம் குறைவாகக் கட்டியிருந்தாலோ, குமிழை முழுக்க உள்ளே தள்ளிய பிறகும் தட்டு கால்வாசி திறந்தே நிற்கும். கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, தாறுமாறான ஐட்லிங் எல்லாம் வரும். கேபிளைக் கழற்றிவிட்டு நெம்பைக் கையால் முழுக்க மூடி ஓட்டிப் பாருங்கள். இதற்காகவே கார்புரேட்டர் மாற்றப்பட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல். பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. டாங்கில் இருக்கும் ஆறு வருடத்துப் பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். அது வார்னிஷ் மாதிரி நாறும். டாங்கின் அடியில் துருவும் இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் பளபளப்பாக்கினால் இரண்டே நாளில் ஜெட் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

இனி பெட்ரோல் வழிவது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சின்னத் தொட்டியில் மட்டம் கட்டுப்படாததால்தான் வழிகிறது. மட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஃப்ளோட் என்கிற மிதவையும், மட்டம் ஏறியதும் அது தள்ளி மூடும் நீடில் வால்வும். மூடியைக் கழற்றியதும் ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள். இளநீர் மாதிரி குலுங்கினால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. பித்தளையில் இரண்டு கிண்ணம் செய்து நடுவில் ஈயப்பற்று வைத்து ஒட்டியது அது. பற்று வைத்த விளிம்பில்தான் பெரும்பாலும் விடும்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க, தண்ணீரைக் கொதிக்கவைத்து, பாத்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளி வெளியே எடுத்துவந்து, ஃப்ளோட்டை முக்கிப் பிடியுங்கள். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள். வெளியே வருவது பெட்ரோல் ஆவி. சூட்டில் உள்காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் நூல் பிடித்த மாதிரி குமிழ் வரும். அந்த இடத்தைக் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு, ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கும்படி திரும்ப முக்குங்கள். உள்ளே உண்டாகும் ஆவியே பெட்ரோலை வெளியே தள்ளும். குலுக்கினால் சத்தமே வராத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரு நாள் வெயிலில் வையுங்கள்.

பற்று வைக்கும்போது எல்லோரும் ஒரு இடத்தில் தோற்பார்கள். ஓட்டையை ஈயத்தால் மூடும் நேரத்தில் உள்ளே காற்று சூடாகி விரிந்து, ஆறாத ஈயத்தை ஊதி மறுபடி துளைத்துவிடும். ஈயத்தை மேலே மேலே வைத்துக்கொண்டே போவார்கள், ஃப்ளோட் கனத்துவிடும். அதற்குப் பதிலாக மேல்பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு வேண்டுமென்றே இன்னொரு துளை போடுங்கள். முதல் ஓட்டையை நிதானமாக அடையுங்கள். காற்று புதுத் துளை வழியே போய்விடும். முழுக்க ஆறிய பின் புதுத் துளையின் மேல் ஒரே தொடுதலில் ஒரு பொட்டு ஈயம், முடிந்தது. சால்டரிங் அயர்ன் மட்டும்தான். ஊதுவிளக்கோ கேஸ் தீயோ கிட்டே வரக்கூடாது, உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும்.

பற்று வைப்பதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். தெரிந்த நகைக்கடை இருந்தால் தராசில் வைத்துத் தருவார்கள், சிரித்துக்கொண்டேதான். மொத்தமே சில கிராம் எடையுள்ள பொருள் அது. அரை கிராம் ஈயம் கூடினாலும் கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும், தொட்டியில் மட்டம் ஏறும். அதிகமானதை அரத்தால் ராவி எடுத்துவிடலாம்.

நீடில் வால்வைத் தனியாகக் கழற்றி, ஊசியின் கூம்பு முனையை நகத்தால் வருடுங்கள். படி தட்டினால் தேய்ந்துவிட்டது, சீட்டோடு சேர்த்து மாற்றுங்கள். புதுசை மாட்டியதும் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசியை விரல் நுனியால் லேசாக அழுத்திக்கொண்டு, பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான டியூப் சொருகி ஊதுங்கள். காற்று துளியும் போகக்கூடாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரைப் பத்திரமாக வையுங்கள். சீல் பிடிப்பதோடு மட்டத்தை முடிவு செய்வதும் அதன் கனம்தான்: கனமான வாஷர் போட்டால் மட்டம் இறங்கும், மெல்லியது போட்டால் ஏறும். கடையில் கிடைத்த ஏதோ ஒரு வாஷரைப் போட்டுவிட்டு ஃப்ளோட்டைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டும் சரியாக இருந்தும் வழிகிறதா? பம்பைப் பாருங்கள். இன்ஜினோடு வந்த மெக்கானிக்கல் பம்ப் சுமார் ஒன்றரை முதல் இரண்டரை பிஎஸ்ஐ அழுத்தம்தான் தரும். நடுவில் யாராவது எலெக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்தால் அதில் சில நான்குக்கு மேல் தள்ளும். எவ்வளவு நல்ல ஊசியும் அதைத் தாங்காது. ஒரு பிரஷர் ரெகுலேட்டர் வைக்கவேண்டும், அல்லது பழைய பம்புக்கே திரும்பவேண்டும்.

ஐட்லிங் நிற்காததற்கு வருவோம். ஆறு வருடம் நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அதற்கு முன்பு நாற்பது வருடம் ஓடியதன் வடு.

த்ராட்டில் தகட்டைத் தாங்கும் ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுழல்வது மட்டும்தான் அதன் வேலை. கடகடவென்று ஆடினால், அந்த இடைவெளியில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐட்லிங்கில் தகடு மயிரிழைதான் திறந்திருக்கும். அந்தச் சொற்பக் காற்றுக்கு ஏற்றபடி அளந்த பெட்ரோலோடு, கணக்கில் வராத காற்று வந்து கலக்கிறது. மெக்கானிக், ஐட்லிங்குக்குப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் திறப்பார், ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றுவார். இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்காது. ஷாஃப்ட் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் உட்காருவதுதான் காரணம்.

ஓடும் வண்டியிலேயே இதை உறுதிசெய்யலாம். ஷாஃப்ட் வெளியே வரும் இரண்டு முனையிலும் கெட்டியான கிரீஸை அப்பி அடையுங்கள். ஐட்லிங் உடனே மாறினாலோ சீரானாலோ குற்றவாளி அதுதான். சிலர் பெட்ரோலைச் சொட்டிப் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதற்கு நேர் கீழே இருக்கிறது, வேண்டாம்.

பாடி துத்தநாகக் கலவை வார்ப்பு, மெத்து. ஷாஃப்ட் அதைவிடக் கெட்டி. ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷாஃப்டை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துப் பிடிக்கிறது. தூசு சேர்ந்து அரைக்க, ஓட்டை வட்டமாகப் பெரிதாகாமல் ஒரே பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகிறது. வெறும் ஷாஃப்டை மட்டும் புதுசாகப் போட்டால் பலன் கிடைக்காததும் இதனால்தான். ஓட்டையைப் பெரிதாக்கி கன்மெட்டல் புஷ் போடவேண்டும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது கை ட்ரில்லை வைத்து நேராகக் குடைந்துவிட்டேன். ட்ரில் பிட்டுக்கு ஒரு குணம்: எந்தப் பக்கம் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். புஷ் கச்சிதமாக உட்கார்ந்தது, ஷாஃப்ட் ஆடவே இல்லை. எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே இறங்க மறுத்தது. இரண்டு வாரம் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது, ஷாஃப்ட்டின் மையம் அரை மில்லி நகர்ந்திருந்தது. தகடு ஒரு பக்கம் சுவரில் முட்டி, மறுபக்கம் பிறைநிலா மாதிரி இடைவெளி விட்டு நின்றது. அதோடு, தகட்டின் விளிம்பை ஒட்டிச் சுவரில் சின்னஞ்சிறு துளைகள் இருக்கும். ஐட்லிங்கிலிருந்து வேகம் எடுக்கும் அந்த ஒரு கணத்துக்குப் பெட்ரோல் தருபவை அவைதான். மையம் நகர்ந்தால் அவற்றின் கணக்கும் கெட்டுவிடும்.

ஆகவே மில்லிங் மெஷின் இருக்கிற லேத் பட்டறையாகப் பாருங்கள். அடித்தளத்தை ஆங்கிள் பிளேட்டில் கட்டி, தொண்டையின் மையத்துக்கு டயல் கேஜ் வைத்துச் செட் செய்து, தேய்ந்த ஓட்டையை நம்பாமல் அந்த மையத்தை நம்பிக் குடையச் சொல்லுங்கள். புஷ்ஷின் வெளிவிட்டம் ஷாஃப்ட்டைவிட இரண்டு மில்லி கூடுதலாக இருந்தால் போதும், ஆனால் அந்த இடத்தில் வார்ப்பின் சுவர்க்கனத்தை முதலில் அளக்கவேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது. வைஸில் வைத்து மெதுவாக அழுத்தவேண்டும். இரண்டு புஷ்ஷும் உட்கார்ந்த பிறகு துளையை அளவாகச் சீவும் ரீமர் ஒன்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாக விடுங்கள், இரண்டு துளையும் ஒரே கோட்டில் நிற்கும். புஷ்ஷின் உள்முனை தொண்டைக்குள் துருத்தினால் ராவி எடுக்கவேண்டும். பழைய ஷாஃப்ட்டில் படி விழுந்திருந்தால் சில்வர் ஸ்டீல் கம்பியில் புதுசு கடைந்து வாங்குங்கள். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.03 முதல் 0.05 மில்லி இடைவெளி. எண்ணெய் தொட்டுப் போட்டால் தன் எடையில் வழுக்கி இறங்கவேண்டும், ஆடக்கூடாது.

ஷாஃப்டைக் கழற்றும்போது ஒரு கவனம். தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னத் திருகுகளின் வால்முனையைக் கம்பெனியில் நசுக்கி விட்டிருப்பார்கள், கழன்று விழாமல் இருக்க. அந்த நசுக்கலை அரத்தால் ராவாமல் திருப்புளியால் முறுக்கினால் திருகு முறியும், அல்லது ஷாஃப்ட்டின் மரை வழித்துக்கொண்டு வரும். தகட்டில் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் நெம்பு என்று கீறி வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது, திருப்பிப் போட்டால் மூடாது. மாட்டும்போது திருகை லேசாகப் பிடிக்கவிட்டு, தகட்டை மூடி, இரண்டு மூன்று முறை தட்டி அதுவாகவே மையத்தில் உட்காரவிட்டு, பல்புக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீரான மயிரிழை வெளிச்சம், அல்லது வெளிச்சமே இல்லை. அப்போது இறுக்கி, புதுத் திருகின் வாலை நசுக்குங்கள். இதை மறந்தீர்களென்றால் ஒருநாள் அந்தத் திருகு நேராக வால்வு வழியே பிஸ்டன் தலைக்குப் போகும். அப்புறம் நாம் பேசுவது கார்புரேட்டரைப் பற்றியாக இருக்காது.

மிதித்தால் இருமுவது எளிது. மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்ஸிலேட்டர் பம்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) காய்ந்து அப்பளமாகியிருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலை இழுங்கள். மெல்லிய பீச்சாங்குழல் மாதிரி பெட்ரோல் பாயவேண்டும். சொட்டினாலோ வராவிட்டாலோ டயஃப்ரத்தை மாற்றுங்கள். அந்த வழியில் இருக்கும் சின்னக் குண்டு வால்வைத் தொலைக்காதீர்கள். மூடியைத் திறக்கும்போதே கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிடுங்கள்.

கீறல் விழுந்த காது: யாரோ பெட்ரோல் கசிவதாக நினைத்து நட்டை மேலும் மேலும் இறுக்கியிருக்கிறார். மெத்தென்ற பேக்கிங் நடுவில், கெட்டி நட்டு ஓரத்தில் என்றால் காது வளையும், பிறகு விரியும். கேஸ் வெல்டிங் வைக்கச் சொல்லி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இந்த உலோகம் 400 டிகிரிக்குள்ளேயே உருகும். தீயைக் காட்டிய மாத்திரத்தில் வெல்லப்பாகாக இறங்கிவிடும், நிறம் மாறி எச்சரிக்கைகூடத் தராது. எம்சீல் மாதிரி பொதுவான ஒட்டும் பசையும் பெட்ரோலில் நாள்பட நிற்கும் என்று நம்பமுடியாது.

மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டு, கீறல் மேல் சாக்பீஸ் மாவைத் தடவுங்கள். கீறலில் ஊறிய எண்ணெய் மாவில் கோடாகத் தெரியும். எங்கே முடிகிறது என்று அப்போது தெரியும். தொண்டைச் சுவர் வரை போயிருந்தால் மட்டும் அந்தப் பாடியை விட்டுவிட்டு, அதே மாடலில் பழைய பாடி ஒன்று தேடவேண்டும். சென்னையில் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் கிடைக்கும். வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் இல்லை, ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தால் போதும். ஜெட்டெல்லாம் உங்களுடையதையே மாற்றிக்கொள்ளலாம். கீறல் காதோடு நின்றிருந்தால், பெட்ரோல் தாங்கும் எபாக்ஸியைக் கீறலில் இழுத்துவிட்டு, நான்கு மில்லி இரும்புத் தகட்டில் லாட வடிவில் ஒன்று வெட்டச் சொல்லுங்கள். பாடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு காதின் மேலும் அது உட்காரும். நட்டு அழுத்துவது இனி தகட்டைத்தான். த்ராட்டில் நெம்பு அதில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வண்டி இந்த லாடத்தோடு ஒன்பது வருடமாக ஓடுகிறது.

காது வளைந்திருந்தால் அடித்தளம் சமமாக இராது. ஸ்டீல் ஸ்கேலை மேலே நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிப் பலகையில் 220 எமரி பேப்பரை விரித்து, மண்ணெண்ணெய் தெளித்து, எட்டு போடுவதுபோல் தேயுங்கள், கடைசியில் 400. மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே சூடு தடுக்கும் கனமான தடுப்பு இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் மெல்லிய பேக்கிங்கோடு. அதைக் கழற்றி வீசியவர்கள் உண்டு. கோடையில் வண்டியை நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது என்று புலம்புவது அவர்கள்தான்.

சுத்தம் செய்வதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று எதிரி. பித்தளை என்றதும் கை புளிக்குப் போகும். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் அந்தப் பாடியில் படக்கூடாது. அமிலம் துத்தநாகத்தைத் தின்னும். காஸ்டிக் சோடாவும் அப்படியே. தொட்டிக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கும் மாவு, தண்ணீர் நின்று அரித்ததன் அடையாளம். நாமும் சேர்ந்து அரிக்கவேண்டாம். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, கம்ப்ரஸர் காற்றால் ஒவ்வொரு துளையாக ஊதுங்கள். காற்று எதிர்முனையில் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவேண்டும். டயஃப்ரத்தைக் கழற்றிய பிறகுதான் காற்று. அப்படியும் வழி திறக்காவிட்டால் அல்ட்ராசோனிக் தொட்டி. பைக் இன்ஜெக்டர் சுத்தம் செய்கிற இடங்களில் இருக்கும்.

ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். பித்தளை கீறிவிடும். விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி விடுங்கள், அல்லது மீன்பிடி நரம்பு. ஜெட்டில் பொறித்த எண் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கு: 120 என்றால் 1.20 மில்லி துளை. அதில் 1.25 மில்லி ட்ரில் பிட்டின் மழமழப்பான வால் நுழைந்தால் யாரோ ஏற்கெனவே குடைந்துவிட்டார்கள். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று போட்டோ எடுத்து வையுங்கள். இன்ஜினில் மரை அங்குலக் கணக்கு, சோலெக்ஸில் மில்லிமீட்டர். கைக்குக் கிடைத்த திருகை முறுக்கினால் பாடியின் மரைதான் போகும். அப்படி ஏற்கெனவே போயிருந்தால் ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை போட்டுக்கொள்ளலாம்.

இன்றைய பெட்ரோல் பற்றிச் சொல்லாமல் முடியாது. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1977இல் இந்த ஜெட்டை முடிவு செய்தவர்களுக்கு அது தெரியாது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இருபது சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 வரும். அதாவது அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய ஜெட் அதைத் தராது, வண்டி லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் ஓடும், சூடேறும். துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூட, விட்டம் நான்கு சதவீதம் கூடினால் போதும். 120 இருந்த இடத்தில் 125. இதை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். பழைய ஜெட்டோடு ஓட்டி, பிளக் வெளுத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். டயஃப்ரம், பெட்ரோல் டியூப் வாங்கும்போது எத்தனால் தாங்குமா, விட்டான் ரப்பரா என்று கேளுங்கள். பழைய ஸ்டாக் ரப்பர் சில மாதங்களில் ஊதிவிடும். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கார்புரேட்டர் தொட்டியைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

செட்டிங் கடைசி. ஆனால் அதற்கு முன் டேப்பெட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாயிண்ட் 15 தௌ, பிளக் 25 தௌ என்று வைத்துவிடுங்கள். இவை தப்பாக இருக்கும்போது கார்புரேட்டரைத் திருகுவது, சுருதி சேராத வீணையில் ராகம் வாசிக்கிற கதை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அதுவும் திருட்டுக் காற்றுக்கு ஒரு வழி.

மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே போகும்வரை திருகி, முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசிமுனையில் வரை விழும், பிறகு எந்த செட்டிங்கும் நிற்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, ஐட்லிங்கை 700 பக்கம் வைத்து, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே விடுங்கள். இன்ஜின் தடுமாறத் தொடங்கும். வெளியே எடுங்கள். சீராகி, வேகம் கூடி, பிறகு கனத்துப் புகைய ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, ஐட்லிங்கை மறுபடி இறக்குங்கள். உள்ளே போனால் லீன், வெளியே வந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள மோரிஸ் மைனர் மாதிரி வண்டிக்கு இந்தப் பத்தி பொருந்தாது, அதில் ஜெட்டையே ஏற்றி இறக்குவார்கள். ஷாஃப்ட் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

பிறகு இருபது முப்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மூக்கு பால் குறைந்த காப்பி நிறத்தில் இருக்கவேண்டும். கரி பிடித்திருந்தால் ஃப்ளோட் மட்டத்தை மறுபடி பாருங்கள். வெளுத்திருந்தால் 125 ஜெட். அதே நேரத்தில் அடிநட்டு இரண்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், சூடேறி ஆறியதில் பேக்கிங் அமுங்கி நட்டு இளகியிருக்கும். ஒரு பக்கம் கால் சுற்று, மறுபக்கம் கால் சுற்று, சின்ன ஸ்பேனரால், இரண்டு விரல் பலத்தில்.